ஆற்றுக்குள் எடுத்த காட்சி

ஏரல் பக்கம் தாமிரபரணியில் நண்பர்கள் சேர்ந்து ஒரு பேய்ப்படம் எடுத்தோம். மூழ்கி இறந்தவன் ஆற்றிலிருந்து எழுந்து காதலனைத் தேடி வருவான், அது நான். என்னை இறுக அணைத்துக் கழுத்தில் முத்தமிடும் காதலனாக நடித்தவன் என் அறைத்தோழன் செல்வின்.

இயக்குநர் 'கட்' சொன்ன பிறகும் செல்வின் என்னை விடவில்லை. "ஏலே, நான் நடிக்கலைலே," என்றான் காதருகில்.

எனக்கும் அது நடிப்பில்லை. ஆனால் கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயத்தில், அவர்களுக்குக் கேட்கும்படி, "விடுலே, பொண்டாட்டின்னு நெனைச்சிட்டியா?" என்று சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

மறுநாளே அவன் அறையைக் காலி செய்தான். பல மாதம் கழித்துப் போனில் உண்மையைச் சொன்னேன்.

"அத அங்கன வச்சே சொல்லியிருக்கலாம்லா," என்று வைத்துவிட்டான்.

இந்த ஊரில் அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவனுடைய அந்தத் தைரியத்தைத்தான் நான் சிரிப்பாக்கினேன்.