சாப்பிடாமல் மடித்த இலை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையில் என்ன ருசி என்று கைப்பேசியில் ஊருக்கே சொல்பவர் ஒருவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என் எதிரே உட்கார்ந்தார். நல்ல சிவப்புச் சட்டை, தலையில் கருப்புக் கண்ணாடி. எனக்கோ நல்ல பசி.

“ஆன்டி, கை வைக்காதீங்க லா. வீடியோ எடுத்துக்கிறேன்.”

சோறு ஆறும்வரை எடுத்தார்.

“இப்ப இலைய உங்க பக்கமா மடிங்க. அப்பதான் ருசின்னு ஜனங்க நம்புவாங்க.”

மறுக்கக் கூச்சப்பட்டு மடித்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று நினைத்த பரிமாறுபவர் இலையை எடுத்துப் போய்விட்டார்.

“நீங்க சாப்பிடலையா, தம்பி?” என்று கேட்டேன்.

“நான் வெளிய சாப்பிடறதில்ல ஆன்டி. வயித்துக்கு ஒத்துக்காது.”

ரசமா, மீன் குழம்பா, எதையோ கோலாலம்பூரிலேயே முதல் தரம் என்று வீடியோவில் சொன்னார். நாங்கள் இரண்டு பேருமே ருசிக்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.