என் தடையில் மாட்டிய மிளகு

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். கொச்சி மட்டாஞ்சேரியில் மூட்டை சுமந்து தொடங்கியவன், இன்று சொந்தமாக மிளகு ஏற்றுமதி ஆபீஸ் நடத்துகிறேன். எங்கள் தெருவில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவனும் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வேலை நேரத்தில் ஆட்கள் கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்று ஒரு பிராக்ஸி சர்வர் வைத்தேன். ஆபீஸில் உள்ள எல்லா மெஷினும் அதன் வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும். வேண்டாததை அது தடுத்துவிடும். கலூரிலிருந்து வந்து பொருத்தியவரே, "இத்ர கடுப்பம் வேணோ, முதலாளி?" என்றார். இவ்வளவு கெடுபிடியும் வேணும் என்றேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. மிளகு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. துறைமுகத்துக்குக் காகிதம் அனுப்பும் புரோகிராமோ, புதுசு போட்டால்தான் ஓடுவேன் என்று நின்றுவிட்டது. மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் எங்கள் சரக்கை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும்.

எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் பாலக்காட்டுத் தமிழ்க்காரி. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அந்தப் புது புரோகிராமின் ஃபைலை இறக்கப் பார்த்தாள். கட்டளை ஆபீஸை விட்டு வெளியே போகவே இல்லை.

"பிரௌசருக்கு பிராக்ஸி வழி தெரியும், முதலாளி. இதுக்கு நாமதான் சொல்லிக் குடுக்கணுமாக்கும்" என்று பிராக்ஸியின் முகவரியையும் சேர்த்து அடித்தாள். கண் சிமிட்டுவதற்குள் ஃபைல் வந்தது. திறந்தால், கெட்டுப்போன ஃபைல் என்றது. மறுபடி இறக்கினாள், மறுபடியும் அதே.

"கம்பெனிக்காரன் வெச்சதே மோசம். விளிச்சு நாலு வார்த்தை சொல்லு" என்றார் கணக்கர்.

எனக்கு அந்த வேகம்தான் பிடிக்கவில்லை.

"மோளே, நம்ம நெட்டுல ஒரு கல்யாண போட்டோ வர்றதுக்குள்ள நான் சாயா குடிச்சு முடிச்சிருவேன். இவ்வளவு பெரிய புரோகிராம் எப்படிப் பறந்து வரும்? எடையைப் பாரு."

பார்த்தாள். ஒன்றுமில்லாத அளவு. ஃபைலை எழுத்தாகத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தா?"

"உள்ள நீங்களாக்கும் இருக்கீங்க, முதலாளி."

பிராக்ஸியில் போடச் சொல்லி நானே எழுதவைத்த அறிவிப்பு அது: 'இது வேலை செய்யும் இடம். பெரிய ஃபைல்களுக்கு அனுமதி இல்லை. முதலாளி உத்தரவு.' பிரௌசராக இருந்தால் திரையிலேயே காட்டியிருக்கும். கறுப்புத் திரை அதைத்தான் புரோகிராம் என்று நம்பி, அந்தப் பெயரிலேயே வாங்கி வைத்திருக்கிறது.

"சொந்த லாரியையே மறிச்ச முதலாளியை இந்த பஜார்ல இப்பத்தான் பாக்கறேன்" என்று கணக்கர் சிரித்தார்.

"பூட்டுன்னா அப்படித்தான்யா இருக்கணும். போட்டவனையும் விடக்கூடாது."

"தடையை எல்லாம் எடுத்துரட்டா?" என்றாள் அவள்.

"அந்த ஒரு அட்ரஸை மட்டும் விடு. கிரிக்கெட் வெளியவே நிக்கட்டும்."

இந்த முறை ஃபைல் ஆடி அசைந்து வந்தது. அது மெதுவாக வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது. புரோகிராம் ஓடியது, மதியத்துக்கு முன்பே காகிதங்கள் போய்ச் சேர்ந்து, துறைமுகத்திலிருந்து அனுமதியும் வந்தது.

வாசலுக்கு நானே போய்ச் சொன்னேன். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"எந்தா முதலாளி, இத்ர தாமசம்?"

"நம்ம ஆபீஸ்ல காவல் ரொம்பப் பலம். வண்டியை எடு."