பஞ்சுக்காதரும் பேத்தியும்

அந்தத் தையல்காரருக்குத் தெருவில் இன்னொரு பெயர் உண்டு: பஞ்சுக்காதர். சும்மா வைத்த பெயரில்லை. தட்டில் கரண்டி பட்டால் போதும், காதுக்குள் ஊசி இறங்கியது போலத் துடித்துப்போவார். தையல்காரர் ஆயிற்றே, சும்மா இருப்பாரா? கோட்டுத் தோளுக்கு வைக்கும் பஞ்சை மடித்து, மெத்தென்று ஒரு காதுமூடி தைத்துக்கொண்டார். நாற்காலிக் கால்களுக்கும் உறை போட்டார். மனைவி பாவம், சொந்தச் சமையலறையிலேயே திருடி மாதிரி நடந்தாள்.

அடுத்த தெருவில் இருந்த மகளுக்குப் பெண் பிறந்தது. "இவ அழுதா வீடே ரெண்டாகுது, அப்பா தாங்க மாட்டார்" என்று அவள் குழந்தையைத் தூக்கி வரவேயில்லை. இவரே போனார். பேத்தி வாயைத் திறந்ததும் செருப்பைக்கூட மறந்து ஓடி வந்துவிட்டார். "பேத்தியத் தூக்க முடியாத நானும் ஒரு தாத்தாவா?" என்று அன்று மனைவியிடம் அழுதார்.

அந்த அழுகைதான் அவரை, சத்தம் தாங்காத காதுகளுக்கு ஒலிப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாவிடம் கொண்டுபோனது. அந்த அம்மா காதுமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் பிரமாதம். ஆனா தொல்லையே இதுதான். எப்பவும் அமைதியில வெச்சிருந்தா, காது சின்னச் சத்தத்தையும் பெருசாக்கிக்கும்." காதில் மாட்ட ஒரு சின்னக் கருவி கொடுத்தார். அதில் மழை தூறும் சத்தம். பேச்சை அமுக்காத அளவுக்கு மெதுவாக வைக்கச் சொன்னார்.

இவர் கேட்டாரா? அவசரம்! தூறலை அடைமழையாக்கி, அதற்கு மேல் காதுமூடியையும் கட்டிக்கொண்டார். தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். மறுபடி அந்த அம்மாவிடமே போய் நின்றார்.

"ஐயா, இது மத்த சத்தத்த மறைக்கறதுக்கில்ல, அதோட சேர்ந்து இருக்கப் பழகறதுக்கு. காதுமூடிய இங்கேயே குடுத்துட்டுப் போங்க!" என்று அந்த அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் மனுஷன் வழிக்கு வந்தார். தூறலைக் கேட்டபடியே தைத்தார். மகள் போனில் அனுப்பிய பேத்தியின் அழுகையை முணுமுணுப்பாக வைத்துக் கேட்டு, அந்த அம்மா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். சில நாள், "போடா, இது நமக்கு ஆகாது" என்று போனைக் கவிழ்த்து வைப்பார். மறுநாள் அவரே எடுப்பார். மாதங்கள் இப்படியே ஓடின.

ஒரு காலையில் மகள் பயந்து பயந்து பிள்ளையோடு வந்தாள். பேத்தி தாத்தா மடியில் தூங்கிப்போனாள். அந்த நேரம் பார்த்து உள்ளே மனைவியின் கை தவறி, தட்டு தரையில் விழுந்து சுழன்றது. மகள் பிள்ளையை வாங்கிக்கொள்ள எழுந்தாள். அவர் முகம் சுளித்தது நிஜம். ஆனால் கைகள் இரண்டும் போய்ப் பேத்தியின் காதைப் பொத்தின.

"மெதுவாடி! பிள்ள தூங்குது!"