அம்மா பேசிய டேப்பில் ஓர் இரைச்சல்

அந்த டேப் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பழுப்பு நாடா சுற்றிய பிளாஸ்டிக் சக்கரம், அட்டைப்பெட்டியின் மேல் அண்ணனின் கையெழுத்தில் 'அம்மா'. போட்டுக் கேட்க இப்போது வீட்டில் மெஷின் கிடையாது. மெஷின் இருந்தாலும் போட மாட்டேன்.

அறுபதுகளில் திண்டுக்கல் நாகல் நகரில் அண்ணன் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் அலறும். நான் குடியிருந்தது கடைக்குப் பின்புறம். வேலை ஓய்ந்த பொழுதில் டேப் ரெக்கார்டரை ஓட்ட நானே கற்றுக்கொண்டேன். எங்கள் தம்பி அம்மாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு மலாயாவுக்குக் கப்பலேறியிருந்தான். அம்மா படுக்கையில் விழுந்தபோது, எழுதத் தெரியாத அவள் அவனுக்காக டேப்பில் பேசினாள். மழை பெய்யாதது, பக்கத்து வீட்டுப் பெண் வேடசந்தூர் மில்லில் வேலைக்குச் சேர்ந்தது என்று ஊர்க்கதையெல்லாம் சொன்னாள். பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாரும் செத்த நேரம் வெளிய இருங்கப்பா. அவங்கிட்டத் தனியா ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள். அண்ணன் மெஷினை ஓடவிட்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சிருச்சு, வாங்க" என்று அவளே கூப்பிட்டாள். அந்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தம்பியால் சாவுக்கு வர முடியவில்லை. அம்மா தன்னை மன்னித்தாளா இல்லையா, அது ஒன்று மட்டும் தெரிந்தால் போதும் என்று எழுதினான். டேப்பைத் தபாலில் போட எனக்குப் பயம். தொலைந்துபோனால் அம்மா குரலுக்கு எங்கே போவது? பிரதி எடுத்து அனுப்பலாம் என்றேன். அண்ணன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, என் நச்சரிப்பு தாங்காமல் இன்னொரு மெஷினை இரவல் வாங்கிவந்தார்.

பிரதியில் ஊர்க்கதை சுத்தமாக விழுந்தது. எங்களை வெளியே போகச் சொன்னதும் விழுந்தது. அதற்குப் பிறகு 'உஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். ஒயர்தான் கோளாறு என்றார் அண்ணன். மாற்றினோம். நாடா உரசும் ஹெட்டில் அழுக்கு என்றார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, என் புடவைத் தலைப்பு நாறும்வரை துடைத்தேன். குழாயின் காந்தம் இழுக்கிறது என்றார். மெஷின்களை அடுப்படிக்குத் தூக்கிப் போனோம். கரண்ட் குறைகிறது என்றார்; தெரு அடங்கும்வரை காத்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் இரைச்சல் அதே சொல்லுக்குப் பின்னால்தான் வந்தது. ஒயரோ கரண்டோ கெட்டால் கண்ட இடத்தில் அல்லவா இரைய வேண்டும்? பிரதியை விடுங்கள், மூல டேப்பையே கேட்டுப் பார்ப்போம் என்றேன். அடிக்கடி ஓட்டினால் அம்மா குரல் தேய்ந்துவிடும் என்று தடுத்துவிட்டார். நான் ஒரு பைத்தியக்காரி, அதையும் நம்பினேன்.

அவர் கொடைரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குக் குழாய் கட்டப் போன அன்று, கதவைச் சாத்திக்கொண்டு மூல டேப்பைப் போட்டேன். "ஒரு வார்த்த சொல்லணும்." உடனே 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு அதே இரைச்சல். அது முடியும் இடத்தில் மறுபடி ஒரு 'டக்'. அடுத்து, "முடிஞ்சிருச்சு, வாங்க." மெஷின் தானாகவா அவ்வளவு சரியாகத் தொடங்கி, அவ்வளவு சரியாக நிறுத்தும்? சத்தத்தைக் கூட்டி, காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்தேன். இரைச்சலுக்குள் ஓர் இருமல். பிறந்ததிலிருந்து நான் கேட்டுவரும் அண்ணனின் இருமல். அம்மா பேச்சின் மேலேயே மறுபடி பதிவை ஓட்டி அதை அழித்தவர், மைக்கை மூட மறந்திருக்கிறார்.

அழித்ததைக்கூட ஒருநாள் பொறுத்திருப்பேனோ என்னவோ. எல்லாம் தெரிந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பஞ்சால் துடைக்கவிட்டு வேடிக்கை பார்த்தாரே!

திரும்பி வந்தவரை நிறுத்திக் கேட்டேன். குழாயைக் கீழே வைக்காமலே, "ஆமா, நாந்தேன். அதுல என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேக்காத" என்றார். எத்தனையோ முறை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒயரைச் சுற்றி வைக்க எழுந்து போய்விட்டார். தம்பிக்கு எப்படி எழுதுவதென்று தெரியாமல் நான் குமைந்துகொண்டிருக்க, இவர் பிரதியைப் பார்சல் கட்டி அனுப்பியேவிட்டார். கூடவே, டேப் பழுதாகிவிட்டது, ஆன மட்டும் முயன்றோம் என்று ஒரு கடிதம்.

சில வருஷம் கழித்துத் தம்பி ஊர் திரும்பினான். திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கியதும் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். "அம்மா பேச்சக் காப்பாத்த அம்புட்டுப் பாடுபட்டீங்களேண்ணே" என்றான். அண்ணன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப்போய், இருமல்வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவன் கையை விடுவித்துக்கொண்டான். அண்ணனை ஒருமுறை பார்த்தான், பிறகு என்னை.

"செத்துப்போன அம்மாவ வச்சு எங்க ரெண்டு பேரையும் பிரிக்காதக்கா" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணனோடு நடந்தான்.