பகலில் பிடுங்கிய குழாய்

நானா மூக்கில் இருந்த குழாயை முதன்முதலாகப் பிடுங்கி எறிந்தது மூன்றாம் நோன்பு அன்று காலையில். மதினி அப்போதுதான் பெரிய சிரிஞ்சால் பால்மாக் கரைசலை ஊற்றி முடித்திருந்தார். குழாய் முழுதாக வெளியே வந்து படுக்கை விரிப்பில் கிடந்தது. பால் அவருடைய தாடியில் வழிந்தது. என் வீடு அடுத்த வளவில்தான். மதினி போட்ட கூச்சலில் நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

நானா எனக்கு ஒரே அண்ணன், நான் அவருக்கு ஒரே தங்கச்சி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து, ஆலங்குடாப் பக்கம் கருவாட்டு வியாபாரத்தில் நிமிர்ந்தவர். ஏழு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. விழுங்க முடியாததால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். இடது கை மட்டும் அவர் சொல் கேட்டது. அந்தக் கையால்தான் பிடுங்கினார்.

மதினி அழுதார். நான் அழவில்லை. எனக்குப் பயம்தான் வந்தது. ஏனென்றால் என்னிடம் ஒரு கதை இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மாமா மூச்சு மெஷினில் கிடந்தபோது பார்க்கப் போய், ஆஸ்பத்திரிக் கன்டீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். நானா திடீரென்று சொன்னார்: "இங்க பாரு, நாளைக்கி எனக்கு இப்பிடி ஆனா குழாய் கிழாய் ஒண்டும் போட உடாத. அல்லாஹ் எடுக்கிற நேரத்துல எடுக்கட்டும்."

"வாயக் கழுவுங்க நானா" என்றேன்.

"நீதான் வாயாடி. உண்ட சொல்லத்தான் டொக்டர்மார் கேப்பாங்க" என்று சிரித்தார்.

அந்த வாயாடி, குழாய் போடுகிற நேரம் வாயைத் திறக்கவில்லை. டொக்டர் கேட்டார், மதினி தலையாட்டினார், நான் பக்கத்தில் பொம்மையாக நின்றேன். இப்போது அவர் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நான் கொடுத்த வாக்கை, கொடுக்காத வாக்கை, கேட்கிறாரோ என்று இருந்தது.

ஓய்வுபெற்ற நேர்ஸ் மிஸ் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். வந்து மறுபடி போட்டார். நானா நாலாம் நோன்பும் பிடுங்கினார், ஐந்தாம் நோன்பும் பிடுங்கினார். "கையக் கட்டுங்கோ, வேற வழி இல்லை" என்றார் மிஸ். கட்டாரில் இருக்கிற நானாவின் மகனும் போனில் அதையே சொன்னான். மதினி தன்னுடைய பழைய சால்வையால் நானாவின் மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தில் கட்டினார். அலுமாரி அளவு மீனைத் தனியாகத் தூக்கிய கை அது. நான் வீட்டுக்குப் போய் பானையை டங் டங்கென்று போட்டுக் கழுவினேன். யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம்.

பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். மருந்தை விடுவது வேறு, சாப்பாட்டை விடுவது வேறு என்று தொடங்கினார். "குழாயால போறது மருந்தா, சாப்பாடா ஹஸரத்?" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கொழும்பில் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். டொக்டரிடம் போனால், குடும்பமாகப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார். எல்லாரும் பந்தை எங்கள் பக்கமே உதைத்தார்கள்.

பத்தாம் நோன்பு அன்று மதினியிடம் கன்டீன் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை அடிக்க வந்தார் என்றுகூடச் சொல்லலாம். "இவ்வளவு நாளும் இத வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டா இருந்தீங்க?" என்று கத்தினார். பிறகு நானாவின் மணிக்கட்டைப் பார்த்தார். கட்டிய இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது. அவரே முடிச்சை அவிழ்த்தார்.

அடுத்த நாள் காலை பால் ஊற்றப் போனதுமே நானா குழாயைப் பிடுங்கினார். நாங்கள் மிஸ்ஸைக் கூப்பிடவில்லை. மதினி தலைமாட்டில் இருந்து யாசீன் ஓதினார். நான் கால்மாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். இதுதான் அவர் கேட்டது, இதை நாம் கொடுக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் அன்றைக்குப் போல அமைதியாக ஏழு மாதத்தில் ஒரு நாளும் கிடந்ததில்லை. முகம் தெளிந்திருந்தது. போகிற மனிதனுக்கு இவ்வளவு நிம்மதியா என்று எனக்கே பொறாமையாக இருந்தது.

நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. மதினி ஈச்சம்பழத்தை வாயில் போட்டார். நானா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

நாங்கள் இருவரும் அசையவில்லை. அவர் இன்னும் அகலத் திறந்தார்.

"யா அல்லாஹ், நோன்பு புடிச்சிரிக்கிறார்!" என்று மதினி கட்டிலில் விழுந்து அழுதார். "மௌத்தாகப் பாக்கல்ல, இந்த மனிசன் நோன்பு புடிச்சிரிக்கிறார்!"

ஈச்சம்பழத்தைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சால் நனைத்து அவர் உதட்டில் வைத்தேன். மிஸ் ஓடி வந்தார். குழாய் போடும்போது நானா குழந்தையைப் போல மூக்கைக் காட்டிக்கொண்டு கிடந்தார். மதினி சிரித்தார், அழுதார், மகனுக்குப் போன் அடித்தார். எனக்கு அந்த நேரம் சந்தோஷம் வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. காலையிலிருந்து மனதைக் கல்லாக்கி ஒரு மௌத்துக்கு, அவர் சாவுக்கு, ஆயத்தமாகியிருந்தேன். அது இல்லை என்றதும் செய்த வேலை வீணானதுபோல இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவி வந்து நானாவின் காதுக்குள் சொன்னார். நானா கண்ணை மூடிக்கொண்டார். டொக்டர் முதலில் ஏசினார், பிறகு இரவிலும் விடியுமுன் ஸஹர் நேரத்திலும் மட்டும் ஊற்றும்படி அட்டவணையை மாற்றித் தந்தார். அதன் பிறகு பெருநாள் வரை ஒரு நாளும் கை குழாய்ப் பக்கம் போகவில்லை. அப்படியானால் முதல் இரண்டு நோன்பும் ஏன் சும்மா கிடந்தார் என்று கேட்டேன். "அவருக்கு அப்ப தெரிஞ்சிருக்காது" என்றார் மதினி. மதினியிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

பெருநாள் கழிந்தது. மறுநாள் காலையில் பால் ஊற்றினோம். பிடுங்கினார்.

நான் மிஸ்ஸைக் கூப்பிட எழுந்தேன். மதினி கலங்கவில்லை. "பெருநாளைக்குப் பிறகு ஆறு நோன்பும் புடிக்கிறவர்தானே" என்றார். உண்மைதான், நானா அதை ஒரு வருடமும் விட்டதில்லை. மறுபடி இரவில் மட்டும் ஊற்றினோம். ஆறு நாளும் அமைதி. ஏழாம் நாள் பகலில் ஊற்றினோம். பிடுங்கினார்.

"களா நோன்பு" என்றார் மதினி. "மொத பத்து நாளும் பகல்ல நம்மதான் ஊத்திப் பாழாக்கினோம். அந்தப் பத்தையும் திருப்பிப் புடிக்கிறார்."

நான் வாதாடாமல் பகலில் ஊற்றுவதை மறுபடி நிறுத்தினேன். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பகலில் பால் ஊற்றினால் அவருக்குக் குமட்டியிருக்கலாம், அவ்வளவுதான். அல்லது கன்டீனில் சொன்னதையே ஒவ்வொரு காலையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம், நாங்கள் அதற்கு நோன்பு என்று பெயர் வைத்துத் தப்பிக்கொண்டிருந்திருக்கலாம். நோன்பு என்றால் எங்களுக்கு வசதி. அவரைச் சாகவிடவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம்.

அந்தப் பத்தில் நாலாம் நாள், மதினி நண்பகல் லுஹர் தொழப் போனார். நான் கட்டிலருகே இருந்தேன். புழுக்கமான நாள். குழாய் மூக்கில் இருந்தது, சிரிஞ்சும் ஒரு போத்தல் தண்ணீரும் கை எட்டும் தூரத்தில் மேசையில் இருந்தன. நானா என் பக்கம் தலையைத் திருப்பினார். வாயைத் திறந்தார். நாக்கு காய்ந்துபோயிருந்தது.

"இன்னும் நேரம் இரிக்கி நானா" என்றேன்.

அவர் வாயை மூடவில்லை. நான் அவர் நெற்றியைத் தடவினேன், விசிறினேன். போத்தலைப் பார்த்தேன், எடுக்கவில்லை. நோன்பை முறிக்கக் கூடாது என்று நினைத்தேனா, அவர் முன்பு கேட்டதை இப்போதாவது செய்கிறேன் என்று நினைத்தேனா, களைத்துப்போயிருந்தேனா, எனக்கு விளங்கவில்லை. அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. பின்னேரம் அஸருக்கு முன் அவருடைய மூச்சு நின்றுவிட்டது.

நோன்போடு மௌத்தானார் என்று ஊரெல்லாம் பேசினார்கள். எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று மதினியின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அடக்கம் முடிந்த பிறகு கட்டாரிலிருந்து மகன் என்னோடு பேசக் கேட்டான்.

"மாமி, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. வாப்பா கடைசியா தண்ணி கேட்டாரா?"

"இல்ல மகன்" என்றேன்.