மூன்றாவது ஓலைக்கு முன் கேட்ட பாட்டு

எனக்கு நிச்சயமான கல்யாணம் இரண்டு ஓலையோடு நின்றுபோனது. எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசை முடியப்போகிற நேரத்தில் ஃபாதர் மைக்கைப் பிடித்து, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்பார். ஏற்கெனவே கல்யாணமானவனா, கட்டக்கூடாத சொந்தமா என்று கண்டுபிடிக்க ஏற்பட்ட வழக்கம். எங்கள் சனத்தில் பாதிப் பேர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். மணமக்களைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் போய்ச் சொல்லும்படி கடவுளே கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் ஒருத்தி போய்ச் சொன்னாள். சேலம் அம்மாபேட்டைப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவள். கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு மூன்று வயதில் காய்ச்சல் ஏறி ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது. அன்றைக்கு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் அவள்தான். அந்தக் கதையைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பொண்ணுக்கு வலிப்பு இருக்குதுங்க ஃபாதர். மறைச்சுக் கட்டறாங்க" என்றாளாம். இதெல்லாம் ஒரு தடையே இல்லை, போய் வேலையைப் பாரம்மா என்று ஃபாதர் அனுப்பிவிட்டார். அவள் நேராக மாப்பிள்ளையின் சித்தி வீட்டுக்குப் போனாள். "ஃபாதர்கிட்டயே சொல்லிட்டு வாரேன்" என்றாள். ஃபாதர் சொன்ன பதிலை மட்டும் விழுங்கிவிட்டாள். மூன்றாவது ஞாயிறு எங்கள் பெயர் வாசிக்கப்படவில்லை. ஆறே மாதத்தில் அதே மாப்பிள்ளைக்கு அவளுடைய அண்ணன் மகளைக் கட்டிவைத்தார்கள். அந்தக் கல்யாணப் பூசைக்கும் அவள்தான் பாட்டு.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. பிறகு வந்த வரன்கள் எல்லாம் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எனக்கு முப்பத்தி நாலு வயது. "உட்டுத்தள்ளு சாமி, மன்னிச்சுப்போடு" என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். மனதில் பகையை வைத்துக்கொண்டு நற்கருணை அப்பம் வாங்கக் கூடாது என்று, பாவத்தைச் சொல்லப் போன பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் சொன்னார். சரி, வாங்கவில்லை. எல்லோரும் நற்கருணைக்கு வரிசையில் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கோயில் என்ன அவள் அப்பன் வீட்டுச் சொத்தா? பாடகர் குழுவுக்கு நேர் எதிர் பெஞ்சாகப் பார்த்து உட்கார்வேன். இரக்கத்தைப் பற்றி அவள் குழைந்து குழைந்து பாடும்போது கண்ணை எடுக்காமல் அவளையே பார்ப்பேன்.

எனக்கு ஆட்டையாம்பட்டியில் ஒரு துண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தறியிலிருந்து வரும் துண்டுகளில் நூல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அம்மா கேலி செய்வார். தினமும் காலையில் திருச்செங்கோடு பஸ். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் அந்தப் பாட்டுக்காரியின் மகள். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி ஆபீசில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகளுக்குக் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதுகிற வேலை. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறு இடம் இல்லை, இல்லாவிட்டால் எழுந்தே போயிருப்பேன்.

நாலைந்து நாள் இப்படிப் போனது. அவளும் பேசவில்லை, காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டிரைவர் போடுகிற சினிமாப் பாட்டையும் மீறி அவள் காதிலிருந்து யாரோ தொண்டை கிழியக் கத்துகிற சத்தம் கசிந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "யாரு இப்படிக் கத்தறது?" என்று கேட்டுவிட்டேன்.

"சாமி பாட்டுங்க்கா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஒரு காதிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினாள். அவள் அம்மா மேல் இருந்த கோபத்தில் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கை வாங்கிக்கொண்டது.

முதலில் வெறும் இரைச்சல். டிரம்ஸ் தறிக்கூடம் மாதிரி ஓடியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு கிட்டார் தனியாக, மெதுவாக, அழுகிற மாதிரி ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அந்த ஆள் கத்தினான். பாடவில்லை, கத்தினான். இதற்கு மெலோடிக் ஹார்ட்கோர் என்று பெயர், பாடுகிறவர்கள் எல்லோரும் விசுவாசிகள் என்று அவள் சொன்னாள். ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பையன்கள். போனில் வரிகளை எடுத்துக் காட்டினாள். என்னுடைய ஆங்கிலம் துண்டு மூட்டையில் லேபிள் படிக்கிற அளவுதான். அவளே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். உன்னை நம்புகிறேன், அவனை மன்னிக்கவில்லை, இரண்டும் உண்மை என்று அந்தப் பையன் கடவுளிடம் சொல்கிறான். மன்னித்துவிட்டதாக உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். என் கையில் கல் இருக்கிறது. வேண்டுமானால் நீயே பிடுங்கிக்கொள், நானாகக் கீழே போட மாட்டேன் என்கிறான்.

ஆட்டையாம்பட்டி வந்தும் நான் எழவில்லை. கண்டக்டர் பேர் சொல்லாத குறையாகக் கத்திய பிறகுதான் இறங்கினேன். அன்றைக்கு நான் பிரித்த துண்டுகளில் பாதியை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக நான் கடவுளிடம் பேச நினைத்ததை யாரோ முகம் தெரியாத ஒருத்தன் பேசிவிட்டான். அதுவும் கோயில் பாட்டு மாதிரி உதட்டில் தேன் தடவிக்கொண்டு பேசவில்லை.

அதன் பிறகு தினமும் அவளுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. தன் அம்மா செய்ததைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் இந்தப் பாட்டுக்குச் சாத்தான் பாட்டு என்று பெயராம், அதனால் பஸ்ஸில் மட்டும்தான் கேட்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் பஸ்ஸில் அவளுக்கு வலிப்பு வந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அவள் கை மட்டும் என் கையை இறுக்கிக்கொண்டு வெட்டியது. பஸ்ஸில் ஆளாளுக்கு, "இரும்பு குடுங்க, சாவிக்கொத்து குடுங்க" என்று கத்தினார்கள். ஒருவர் சாவியை அவள் கையில் திணிக்க வந்தார். நான் தட்டிவிட்டேன். ஒருபக்கமாகச் சாய்த்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். என் கல்யாணம் நின்ற பிறகு வலிப்பைப் பற்றி டாக்டருக்குப் படிக்கிறவர்கள் மாதிரி படித்து வைத்திருந்தேன். இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது.

விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யாருகிட்டயும் சொல்லிராதீங்க்கா."

"எப்ப இருந்து?"

"ஒம்பதாவதுல இருந்துங்க்கா. மாத்திரை சாப்பிடறேன். அம்மாதான் காலைலயும் ராத்திரியும் எடுத்துக் குடுக்கும்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் ஓலை வாசித்தபோது அவள் பதினொன்றாவது படித்தாள். அப்படியானால் அன்றைக்குக் காலையில் தன் மகளுக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பற்றிச் சொல்லப் போயிருக்கிறாள். தெரியாமல் பேசியவள் இல்லை. அந்த வார்த்தை ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மடியில் கிடந்த பெண்ணின் தலையை அப்போதும் தடவிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த வருஷம் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக்காரர், இப்போது குடும்பமாக எங்கள் கோயில் பங்கிலேயே குடியிருக்கிறார்கள். முதல் ஓலை வாசித்த ஞாயிறு எனக்கு வாயில் எச்சில் ஊறியது என்றே சொல்ல வேண்டும். ஏழு வருஷமாகக் கேட்டது கைக்கே வந்திருக்கிறது. பாடகர் குழுவில் அந்த அம்மா புதுப் பட்டுப்புடவையில் நின்றாள்.

அந்த இரண்டு வாரமும் அந்தக் கல் பாட்டை மட்டுமே கேட்டேன். கல்யாண வேலை என்று அந்தப் பெண் லீவு போட்டிருந்தாள். கேட்டவுடன் பாட்டை எனக்கு அனுப்பி வைத்தாள். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கொடுத்த பாட்டைக் கேட்டுக்கொண்டே அவள் கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று யோசித்தேன். ஃபாதரிடம் தனியாகப் போய்ச் சொல்வதில் பிரயோசனம் இல்லை, அது அவள் அம்மாவின் வேலை. நான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழ வேண்டும். அந்த அம்மாவின் முகத்தை நான் பார்க்க வேண்டும். அந்தப் பெண் என்ன ஆவாள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு. பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்கிற நேரம் வந்தது. ஏழு வருஷமாக அந்தப் பக்கம் கைகூப்பாத நான் அன்றைக்குப் பாடகர் குழு பக்கம் திரும்பி, அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டேன். அவள் கூப்பிய கையை அப்படியே இறக்கிவிட்டாள். என் சிரிப்பை அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பஸ்ஸில் வலிப்பு வந்தபோது நான் கூட இருந்ததை மகள் வீட்டில் சொல்லித்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் எல்லோரும் உட்கார, ஃபாதர் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று அவர் சொன்னதும் நான் எழுந்து நின்றேன்.

கோயிலில் ஓலைக்கு யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அந்த முகத்தை நான் அவசரப்படாமல் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு மகளைப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. பஸ்ஸில் அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பவள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றார் ஃபாதர்.

வாயைத் திறந்தேன். அந்தக் குளிர் தேசத்துப் பையனுக்கு வந்த குரல் எனக்கு வரவில்லை. மடியில் அவள் தலை கனத்தது நினைவுக்கு வந்துவிட்டது.

"கால் மரத்துப்போச்சுங்க ஃபாதர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சிலர் சிரித்தார்கள். இறுதி ஆசீர் முடிந்து கடைசிப் பாட்டை அந்த அம்மா எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. ஆர்மோனியம் இரண்டு தடவை சுருதி கொடுத்தும் வாய் திறக்கவில்லை. பாட்டு இல்லாமலேயே சனம் கலைந்தது.

வேலையை விடப்போகிறேன் என்று எழுதிக் கொடுக்க மறுநாள் அந்தப் பெண் பஸ்ஸில் வந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நேத்து எதுக்குங்க்கா எந்திரிச்சீங்க?"

"சொல்லிப்போடலாம்னுதான்."

"அப்பறம் ஏன் உக்காந்துட்டீங்க?"

"வாய் வரல."

அவள் வெகுநேரம் சிரித்தாள். "சொல்லியிருந்தாலும் ஒன்னும் ஆயிருக்காதுங்க்கா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவருகிட்ட மாத்திரை அட்டையக் காட்டிட்டேன். அவரும் அவங்கம்மாளும் என் டாக்டர்கிட்டயே வந்து எல்லாங் கேட்டுட்டுப் போனாங்க. அதனால என்னன்னுட்டாங்க."

"உங்கம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க்கா. சொல்ல வேண்டாம்னு அவங்க ரெண்டு பேருகிட்டயும் நாந்தான் கேட்டுக்கிட்டேன்."

ஏன் என்று கேட்டேன். அவள் இயர்போன் ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களப் பத்திச் சொல்லிட்டு வந்த அன்னிக்கு அம்மா ஊட்ல வந்து எங்கிட்டயே சொல்லுச்சுங்க்கா. எனக்கு மாத்திரையக் கையில குடுத்துக்கிட்டே சொல்லுச்சு. அது பயந்துக்கிட்டே கெடக்கட்டும்."

எனக்கு ஒரு காதைக் கொடுத்தாள். ஆட்டையாம்பட்டி வரைக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனோம்.

கல்யாணம் நடந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் அந்த அம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தில் கோழிக் குழம்போடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். உள்ளே வரவில்லை.

"அவங்க ஊட்டுக்குத் தெரிஞ்சுராதில்ல சாமி? உன் வாயிலிருந்து வந்துராதில்ல?"

அவர்களுக்கு எல்லாம் தெரியும், போய் நிம்மதியாகத் தூங்கு என்று சொல்ல ஒரு நொடி போதும். மன்னிக்கிறேன் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, உண்மையைச் சொன்னாலே போதும். பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

"பாக்கலாங்க அத்தை" என்றேன்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளை அத்தை என்று கூப்பிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் கதவைச் சாத்திவிட்டுச் சோறு போட்டு உட்கார்ந்தேன். குழம்பு நன்றாக இருந்தது. மீதி வைக்காமல் சாப்பிட்டேன்.