மூத்த பிள்ளை பேரு என்ன? ராஜபாளையத்துக்கு ஒரு வயிற்றெரிச்சல் பயணம்

ராஜபாளையத்துக்கு எதற்குப் போனாய் என்று கேட்டால் மலை, மாம்பழம் என்று ஏதாவது கௌரவமாகச் சொல்லலாம். நான் போனது பொறாமையில். போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, வார்டில் எனக்கு ஓய்வு நாள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். என்னோடு படித்து, ஒரே ஹாஸ்டல் அறையில் கிடந்த மாரீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகளின் பாதுகாப்பு பற்றிச் சென்னையில் நடக்கப்போகும் கருத்தரங்குக்கு ஆளுக்கொரு ஆய்வு அனுப்பினோம். அவளுடையதை எடுத்துக்கொண்டார்கள். என்னுடையது திரும்பி வந்தது.

எங்கள் வார்டில் ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட ஆள் மாறி மருந்து போகவில்லை, போகப் பார்க்கவும் இல்லை என்று நான் எழுதியிருந்தேன். 'ஒன்றுகூடவா இல்லை? மறுபடி பாருங்கள்' என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டது சரிதான். ஒன்று இருந்தது. எழுதினால் பேர் கெடும் என்று நான்தான் விட்டுவிட்டேன். அதற்காக, பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவள் மேடையேறுவதா? அவள் ஆய்வில் ஒரு ஓட்டையாவது கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை 7.10க்குப் பஸ். டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய், ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். இடதுபக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் சுடும். திருமங்கலம், கல்லுப்பட்டி தாண்டி கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் வரிசையாகத் திரும்பியதில் பத்து நிமிடம் போனது. அங்கிருந்து வலதுபக்கம் மலை கூடவே வருகிறது. நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பார்க்கிற மனசில்லை.

9.50க்கு ராஜபாளையம். ஆட்டோ அறுபது ரூபாய். ஆஸ்பத்திரி பேரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பேண்டேஜ் துணி யாவாரமா? சத்திரப்பட்டியில அந்தத் துணி வாங்கப் போறவியதான் இப்படிக் காலையில வந்து எறங்குவாவ."

"இல்லண்ணே, மாரீஸ்வரி சிஸ்டரைப் பார்க்கணும்."

"அட, பிள்ள பேரு கேக்குற சிஸ்டரா! எங்க மாமனாரை அவியதான் பாத்தாவ. தங்கமான பிள்ள."

ஆட்டோக்காரர் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ஆட்டோக்காரருக்கு என் பேர் தெரியுமா? சத்தியமாகத் தெரியாது.

"ஏட்டி செல்வி! வாரேன்னு ஒரு போன் போடக் கூடாதா?" என்று மாரீஸ்வரி கட்டிப்பிடித்தாள். "செத்த நேரம் இரு, ஒரு ஊசி போட்டுட்டு வந்துருதேன்." நானும் பின்னாலேயே போனேன். கட்டிலில் ஒரு பெரியவர் காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"ஐயாவுக்கு ஊசி போடணும்மா. மூத்த பிள்ளை பேரு என்ன?"

"கருப்பசாமி. திருப்பூர்ல இருக்கான்."

பெரியவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை மாரீஸ்வரி பார்த்தாள். பேர், வயது, அதற்குக் கீழே 'கருப்பசாமி அப்பா'. பொருந்தியது. ஊசி போட்டாள். இதுதான் ஆய்வா? நான் சிரித்தே விட்டேன்.

"சிரிக்காதட்டி. ஆம்பள மயக்கத்துல கெடந்தா யாருகிட்டப் பேரு கேப்ப? சுந்தரபாண்டியம் பக்கத்துப் பெரிய மனுசிக, புருசன் பேரைச் சொல்லவா செய்வாவ? ஜாடைதான் காட்டுவாவ. நாமளா ஒரு பேரைச் சொன்னா தலையாட்டிருவாவ. பிள்ள பேரைக் கேளு, வாய் நெறையச் சொல்லுவாவ."

ஆய்வுக்காக வைத்திருந்த பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். நோயாளி பேர் எதுவும் இல்லை, நடந்தது மட்டும்தான். முதல் பக்கத்தைப் படித்தேன். ஒரு அம்மாவிடம் புருஷன் பேரைக் கேட்டிருக்கிறார்கள். 'திருப்பதி சாமி பேரு' என்றிருக்கிறார். சீனிவாசனா என்று கேட்டதும் தலையாட்டியிருக்கிறார். அவர் புருஷன் வெங்கடாசலம். சீனிவாசன் அடுத்த கட்டில். ஊசி மாறிப் போய், வெங்கடாசலத்துக்கு உடம்பெல்லாம் தடித்து, இரண்டு நாள் கழித்துத்தான் சரியானது. 'ஏன்மா தலையாட்டினீங்க' என்று கேட்டதற்கு அந்த அம்மா சொன்ன பதிலும் இருந்தது: 'சாமி ஒண்ணுதானே தாயி.'

கீழே ஊசி போட்ட நர்ஸின் பேர். மாரீஸ்வரி.

"உன் தப்பையா மொதப் பக்கத்துல போட்ட?"

"பொறவு? நான் ஒளிச்சு வச்சா மத்த பிள்ளைக எழுதுவாளுகளா?" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ வாங்க ஆள் அனுப்பினாள்.

ஆனாலும் நான் விடவில்லை. "பிள்ளை இல்லாதவங்ககிட்ட இதையே கேப்பியா?" என்றேன். பிடித்துவிட்டேன் ஓட்டையை!

"அதெப்படிக் கேப்போம், மனசு வெந்துபோகாது? சேர்க்கும்போதே விசாரிச்சுத் தெருப்பேரை எழுதிருவோம். நாலாம் பக்கத்துல இருக்கு, பாரு."

இருந்தது. பாவி, அதையும் யோசித்து வைத்திருக்கிறாள்.

மத்தியானம் அவள் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டின் முன்னால், ஆய்வில் நான் எழுதாமல் விட்டதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வார்டிலும் அன்றைக்கு இரண்டு மீனாட்சி இருந்தார்கள். மதுரையில் மீனாட்சிக்கா பஞ்சம்? இன்சுலினை எடுத்துக்கொண்டு போய் 'நீங்க மீனாட்சியா?' என்று கேட்டேன். 'ஆமா' என்றார். ஊசி தோலைத் தொடப் போகிற நேரத்தில் அவர் மகள், 'அம்மாவுக்குச் சுகர் கிடையாதே' என்றாள். கையை இழுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதை மாரீஸ்வரியிடம் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், வரவில்லை. மேடைக்காகப் பொறாமைப்பட்டுப் போனவள், அந்த முதல் பக்கத்துக்காகப் பொறாமைப்பட்டுத் திரும்பினேன்.

3.15க்கு டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர், பன்னிரண்டு கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கோயில் நடை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். சன்னதியில் யாரோ 'ஆண்டாள்!' என்று கூப்பிட, மூன்று பெண்கள் திரும்பினார்கள். கால் கிலோ பால்கோவா நூறு ரூபாய். எந்தக் கடையில் கேட்டாலும் தாங்கள்தான் ஒரிஜினல் என்கிறார்கள், எனவே கூட்டம் இருக்கிற கடையில் சுடச்சுட வாங்குங்கள். 8.20க்கு மதுரை வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனதும் எங்கள் பதிவேட்டில் மீனாட்சி விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேட்ரன் விளக்கம் கேட்டிருக்கிறார். என்ன ஆகும் என்று தெரியவில்லை. மாரீஸ்வரி மேல் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். ஊசியோடு வந்து 'நீங்க மீனாட்சியா?' என்று யாராவது கேட்டால் ஆமா போடாதீர்கள். 'என் பேரு என்னன்னு நீ என்னைக் கேளு தாயி' என்று சொல்லுங்கள். வருகிறவள் நானாகவும் இருக்கலாம்.